‘டக்’ என்னும் ஒலியும் எடுக்காத செல்ஃபும்: ஓர் ஆய்வு

பாயிரம்

பாயிரம் இல்லாதது நூலே அல்ல என்று நன்னூலார் கறாராகச் சொல்லிவிட்டார். எனவே அதற்குரிய எட்டையும் முதலிலேயே தீர்த்துவிடுகிறேன். ஆக்கியோன், ஒட்டன்சத்திரம் பக்கத்தில் பெண்ணெடுத்தவன். வழி, மச்சான் வழி. எல்லை, வடக்கே டீக்கடை பெஞ்சு, தெற்கே புளியமரம், இடையே நின்றுபோன ஒரு பிக்கப். நூற்பெயர் மேலே இருக்கிறது. யாப்பு, புலம்பல். நுதலிய பொருள், சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேற்கொண்டு எதுவும் செய்யாத வண்டி. கேட்போர், வண்டி நின்றால் தாமாகக் கூடுவோர். பயன், மச்சானுக்குக் காலம் கடந்து கிடைத்தது. வாசகருக்கு முன்கூட்டியே கிடைக்கலாம்.

பங்குனி மாதத்து விடியற்காலை. முருங்கைக்காயைக் கட்டுக் கட்டாக அடுக்கி, தார்ப்பாய் போட்டு, கயிறு இறுக்கி, மச்சான் ஏறி உட்கார்ந்தார். ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போய் அங்கிருந்து கேரளத்துக்கு லாரி ஏறவேண்டிய காய். சாவியைத் திருப்பினார். டேஷ்போர்டில் விளக்குகள் எரிந்தன. டக். மறுபடி திருப்பினார். டக். ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்தார், புளியமரம் வரை வெளிச்சம் அடித்தது. ஹாரனை அமுக்கினார், கோழிகள் ஓடின. சாமி படத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திருப்பினார். டக். ஐந்தாவது முறை மட்டும் கொஞ்சம் மாறுதலாக டகடகடகவென்றது.

“செல்ஃப் எடுக்கல மாப்ள” என்றார்.

வண்டி எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. கணினி வருவதற்கு முந்தைய, பம்ப்பில் ஓடும் பழைய டீசல் வண்டி என்று தெரிந்தால் போதும். போல்ட்டில் துரு ஏறுவதில் கம்பெனி பேதம் கிடையாது.

பெயராய்வு

‘செல்ஃப் ஸ்டார்ட்டர்’ என்பது முழுப்பெயர். வெளியே நின்று ஒருவர் சுற்றிவிடத் தேவையில்லை, வண்டி தன்னைத் தானே கிளப்பிக்கொள்ளும் என்பதால் வந்த பெயர். நம் பட்டறைகள் பின்பாதியை வெட்டி எறிந்துவிட்டு முன்பாதியை வைத்துக்கொண்டன. மிஞ்சியது ‘செல்ஃப்’, அதாவது தான், ஆன்மா. இதன் விளைவுகளை யாரும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. “உங்க செல்ஃப் வீக்கா இருக்கு” என்று ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டே சொல்கிறார். “செல்ஃபைக் கழட்டி வெச்சுட்டுப் போங்க, சாயங்காலம் பாக்கறேன்” என்கிறார். “ரீகண்டிஷன் செல்ஃப் ஒண்ணு இருக்கு, ஒரிஜினல் மாதிரியே இருக்கும்” என்கிறார். மடத்தில் பத்து வருடம் இருந்தாலும் இவ்வளவு நேரடியாக யாரும் சொல்லமாட்டார்கள்.

சைவ சித்தாந்தத்தோடு இது பொருந்தும் விதம் அச்சமூட்டுகிறது. ஆன்மா தானே இயங்காது, பதி தூண்டவேண்டும், இரண்டுக்கும் நடுவே பாசம் மறைத்து நிற்கும் என்பது கொள்கை. பேட்டரியைப் பதி என்றும், செல்ஃபைப் பசு என்றும் வைத்துக்கொண்டால், டெர்மினலில் வெள்ளையாகவும் பச்சையாகவும் பூத்திருப்பது எது என்று சொல்லத் தேவையில்லை. மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரங்களில் விளக்கியதை ஆட்டோ எலக்ட்ரீஷியன் “பாசி புடிச்சிருக்குங்க” என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறார். வெந்நீரில் ஆப்பசோடாவைக் கரைத்து ஊற்றினால் இந்தப் பாசம் நுரைத்துக்கொண்டு கழன்றுவிடும். பசுவுக்கு முத்தி. மேலே கொஞ்சம் வாசலின் தடவிவைத்தால் மறுபிறப்பும் தள்ளிப்போகும்.

செல்ஃப் வருவதற்கு முன்னால் ஹேண்டில் இருந்தது. வண்டிக்கு முன்னால் குனிந்து, இரும்புக் கம்பியைச் செருகி, ஒரு சுற்று. இன்ஜின் நேரம் தப்பி வெடித்தால் ஹேண்டில் பின்வாங்கி அடிக்கும், மணிக்கட்டு போகும். ஆரை எலும்பின் முனை அப்படி முறிவதற்கு ஆங்கில மருத்துவத்தில் இன்றும் ‘ஷோஃபர் முறிவு’ என்றுதான் பெயர். 1911இல் அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் இதற்கு ஒரு முடிவு கட்டினார். 1912ஆம் ஆண்டு மாடல் காடிலாக் கார்களில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. கெட்டரிங் அதற்கு முன்பு கடைகளின் கல்லாப்பெட்டிக்கு மோட்டார் வைத்தவர். கல்லா திறக்க ஒரு கண நேர வேகம் போதும், அந்த மோட்டார் நாள் முழுக்க ஓட வேண்டியதில்லை. அதே யோசனையை இன்ஜினுக்குக் கொண்டுவந்தார்: சின்ன மோட்டாருக்கு அதன் சக்திக்கு மீறிய வேலையைக் கொடு, ஆனால் சில நொடிகளுக்கு மட்டும். ஆகவே செல்ஃப் என்பது பிறவியிலேயே மூச்சுப்பிடித்து ஓடும் ஜாதி. பத்து நொடிக்கு மேல் சாவியைத் திருகிப் பிடித்திருப்பவர் கெட்டரிங்கைப் படிக்காதவர். என் மச்சான் அரை நிமிடம் பிடிப்பார்.

ஒலியியல்

இனி ‘டக்’. சலசல, கலகல போன்றவை இரட்டைக்கிளவி. பிரித்தால் பொருள் தராது, சல என்று தனியே ஒன்று இல்லை. பட்டறை இலக்கணத்தில் இந்த விதி செல்லாது. அங்கே தனி ‘டக்’ ஒரு பொருள், ‘டகடகடக’ வேறொரு பொருள். சரி, அடுக்குத்தொடர் என்று வைத்துக்கொள்ளலாமா என்றால், விரைவு பற்றி வரும் அடுக்கு மூன்றோடு நிற்கவேண்டும், இசைநிறைக்க வருவது நான்கோடு நிற்கவேண்டும் என்று தொல்காப்பியர் எல்லை கட்டியிருக்கிறார். நம் வண்டி சாவியை விடும்வரை அடுக்கிக்கொண்டே போகிறது. தொல்காப்பியர் காலத்தில் சோலனாய்டு இல்லாததே இந்த இடைவெளிக்குக் காரணம் என்பது என் துணிபு.

சோலனாய்டு என்பது செல்ஃபின் முதுகில் உப்புமூட்டை ஏறியிருக்கும் சிறிய உருளை. குழாய் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஆம்பியர் இட்ட பெயர். நம் பாடநூல்கள் ‘வரிச்சுருள்’ என்கின்றன. பட்டறையில் போய் வரிச்சுருள் கேட்டால் பக்கத்து ஜவுளிக்கடையைக் காட்டுவார்கள். உள்ளே ஓர் இரும்புத் தண்டு, அதைச் சுற்றி இரண்டு கம்பிச்சுருள். ஒன்று இழுக்கும் சுருள், இன்னொன்று இழுத்ததைப் பிடித்துவைக்கும் சுருள். சாவியைத் திருப்பியதும் தண்டு உள்ளே பாய்ந்து இரண்டு காரியம் செய்கிறது. ஒரு முனையில் பெண்டிக்ஸ் பல்லைத் தள்ளி ஃப்ளைவீல் பல்லோடு கோர்க்கிறது. மறுமுனையில் ஒரு செம்புத் தட்டை இரண்டு தடித்த போல்ட்டுகள்மேல் மோதவைத்து, பேட்டரியின் முழுக் கரண்டையும் மோட்டாருக்குத் திறந்துவிடுகிறது. அந்த மோதல்தான் டக்.

தட்டு மோதிய கணத்தில் மோட்டார் ஒரே மடக்கில் குடிக்கப் பார்க்கும். பேட்டரிக்கோ வழிக்கோ அதைக் கொடுக்கும் தெம்பு இல்லையென்றால் வோல்டேஜ் சரியும். பிடித்துவைக்கும் சுருளுக்கே அரைவயிறு ஆனதும் தண்டு கைநழுவிப் பின்னால் வரும். தட்டு விலகியதும் பாரம் நீங்கும், வோல்டேஜ் எழும், மறுபடி இழுக்கும், மறுபடி சரியும். கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டதும் எழுந்து நின்று, உடனே உட்கார்ந்துவிடும் ஆள்போல. இதுவே டகடகடக. பேட்டரி இறங்கியிருக்கிறது அல்லது வழியில் எங்கோ அடைப்பு என்று பொருள்.

தனியாகக் கனத்த ஒரே டக் என்றால் தண்டு போய் உட்கார்ந்துவிட்டது, மோட்டார்தான் அசையவில்லை. தட்டும் போல்ட்டும் கருகித் தேய்ந்திருக்கலாம், கார்பன் பிரஷ் தேய்ந்து ஆர்மேச்சரைத் தொடாமல் நிற்கலாம், பல் சிக்கியிருக்கலாம். மிக மோசமாக, இன்ஜினே பிடித்துக்கொண்டிருக்கலாம். அல்லது சுருள் பிடித்துவைக்கப் போதுமான, ஆனால் மோட்டார் சுற்றப் போதாத கரண்ட் மட்டும் கசிந்து வரலாம். இந்தக் கடைசி வகைதான் டகடகவோடு கூட்டணி வைக்கும், அதனால் ஒலியை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதுபவர் ஏமாறுவார். சத்தமே இல்லையென்றால் சாவி சுவிட்ச், ரிலே, ஃபியூஸ், புதிய வண்டிகளில் கிளட்ச்சை மிதிக்காத கால். அது வேறு கட்டுரை.

சமயக் கணக்கர்

மணிமேகலை வஞ்சி நகரில் பல சமயத்தாரையும் தேடிப் போய்க் கொள்கை கேட்டாள். எனக்கு அலைச்சல் இல்லை, அவர்களே வந்தார்கள்.

முதலில் பேட்டரிவாதி, டீக்கடைக்காரர். பாலை ஆற்றிக்கொண்டே தூரத்திலிருந்து பேசினார். “பேட்டரி போச்சுங்க. மூணு வருசம் ஆச்சுல்ல? மாத்துங்க.” இவர் கொள்கையின் பலம், பெரும்பாலும் சரியாக இருப்பது. பலவீனமும் அதுதான்.

அடுத்து டீசல்வாதி, அறுவடை எந்திரம் ஓட்டும் தம்பி. “ஏர் எடுத்திருக்கும்ணே. ஃபில்டர்கிட்ட லூஸ் பண்ணிப் பம்ப் அடிங்க.” இன்ஜின் சுற்றினால்தான் அதற்கு டீசல் வேண்டும். சுற்றவே இல்லாத இன்ஜினுக்கு டீசல் வரவில்லை என்பது, இலை போடும் முன்பே சாம்பாரில் உப்பில்லை என்பது. இருந்தாலும் அவர் சொன்ன இடத்தில் கை வைத்து, சட்டையெல்லாம் டீசல் ஆக்கிக்கொண்டார் மச்சான். வாதம் எதுவானாலும் உடனே செய்துபார்ப்பது அவர் சுபாவம்.

மூன்றாவது லைன்மேன் சித்தப்பா. கம்பத்தில் ஏறி ஓய்வுபெற்றவர். கையில் மல்டிமீட்டரோடு வந்த ஒரே அறிஞர் இவர்தான். பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்துப் பார்த்தார். 12.5 காட்டியது. ஆறு அறைகள், அறைக்கு 2.1 வோல்ட் என்ற கணக்கில் நிறைந்த பேட்டரி 12.6 காட்டவேண்டும். 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே என்றால் அநேகமாகக் காலி. “பேட்டரி நல்லாத்தான் இருக்கு. லூசு கனெக்‌ஷன்” என்றார். டெர்மினலை ஆட்டிப் பார்த்தார், ஆடவில்லை. செல்ஃபுக்குப் போகும் தடித்த வயரைப் பிடித்துக்கொண்டே கீழே போனார். “கரண்டு வருதான்னு பாரு” என்று ஓட்டுநர் இருக்கையைப் பார்த்துக் கத்தினார். வந்தது. அங்கேயே நிறுத்திக்கொண்டார். உண்மைக்கு ஒன்றரை முழம் தூரத்தில் நின்ற மனிதர் அவர். ஏன் நின்றார் என்பது பின்னால் வரும்.

நான்காவது திருஷ்டிவாதி, என் மாமியார். புதுத் தார்ப்பாய் போட்ட அன்றே யாரோ பார்த்துவிட்டார்கள் என்றார். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். இந்தப் பரிகாரத்தில் ஒரு தர்க்கச் சிக்கல் உண்டு. பழம் நசுங்கவேண்டுமானால் வண்டி நகரவேண்டும். வண்டி நகர்ந்தால் பரிகாரம் தேவையில்லை. இதை நான் அவரிடம் சொல்லவில்லை.

ஐந்தாமவர்களுக்குக் கொள்கை கிடையாது, தோள் மட்டும் உண்டு. பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் உட்பட எட்டுப் பேர். சாவியை ஆனில் வைத்து, இரண்டாம் கியரில் போட்டு, கிளட்ச்சை மிதித்துக்கொண்டு, டீக்கடைச் சரிவில் வேகம் பிடித்ததும் மச்சான் கிளட்ச்சை விட்டார். ஒரு குலுக்கு, ஒரு கரும்புகை, வண்டி கிளம்பிவிட்டது. பழைய டீசலுக்குத் தீப்பொறி வேண்டாம். காற்றைப் பதினேழு, பதினெட்டில் ஒரு பங்காக நசுக்கும் சூட்டிலேயே எரியும். அதைச் சுற்றிவிட ஆள் இருந்தால் போதும். எலுமிச்சம்பழங்கள் பக்கவாட்டில் உருண்டு தப்பித்துக்கொண்டன. சந்தையில் இன்ஜினை அணைக்காமலே இறக்கிவிட்டு, அணைக்காமலே வந்து, வீட்டு வாசலில் பழக்கதோஷத்தில் அணைத்தார் மச்சான். டக்.

தள்ளிக் கிளப்புவது எதையும் நிரூபிக்காது என்பதைக் குறித்துக்கொள்ளவேண்டும். பேட்டரி, சோலனாய்டு, கார்பன், வயர் என்று சந்தேகப்பட்ட அத்தனை பேரையும் விசாரிக்காமல் பின்வாசல் வழியாக வீடு புகுவது அது. நான்கு வாதிகளும் அன்று மாலை அவரவர் கொள்கையோடு அப்படியே இருந்தார்கள்.

ஓம்

இந்தச் சொல்லுக்கு இக்கட்டுரையில் ஜெர்மானியப் பொருள் மட்டுமே. ஜார்ஜ் ஓம் 1827இல் வெளியிட்ட விதி: கரண்டையும் தடையையும் பெருக்கினால் வழியில் தொலையும் வோல்டேஜ். பள்ளியில் இதை மதிப்பெண்ணுக்காகப் படித்த எல்லோரும் புளியமரத்தடியில் மறந்துவிடுகிறார்கள். அன்று காலை நான்கு முறையாவது ஒலித்த வாக்கியம் இது: “ஹெட்லைட் எப்படி அடிக்குது பாருங்க, கரண்டு இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க?”

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஹெட்லைட் பல்பு 60 வாட் என்றால் 5 ஆம்பியர் கேட்கும். இரண்டரை லிட்டர் டீசல் இன்ஜினைச் சுற்ற செல்ஃப் 200 ஆம்பியருக்குக் குறையாமல் கேட்கும், முதல் உதைக்கு அதைவிட மிக அதிகம். இப்போது துருப்பிடித்த ஒரு போல்ட்டில் 0.01 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். சாதாரண மீட்டரில் அளக்கவே முடியாத தடை. அந்த வழியாக ஹெட்லைட்டுக்குப் போனால் தொலைவது 0.05 வோல்ட். கண்ணுக்குத் தெரியாது. அதே வழியாக செல்ஃபுக்குப் போனால் தொலைவது 2 வோல்ட். தடை 0.03 ஆனால் 6 வோல்ட், பாதிச் சொத்து வழியிலேயே காலி. விளக்கு அப்போதும் புளியமரம் வரை அடிக்கும்.

அளவை நூலார் காட்சியை முதல் பிரமாணமாக வைத்தார்கள். வண்டி விஷயத்தில் காட்சி பொய்ச்சாட்சி. விளக்கு, ஹாரன், ரேடியோ எல்லாம் சில்லறைக் கரண்டில் வாழ்பவை, மொத்த வியாபாரத்தைப் பற்றி அவற்றுக்கு ஒன்றும் தெரியாது. லைன்மேன் சித்தப்பாவின் 12.5ம் அப்படித்தான், வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் பேட்டரியின் அளவு. சாவியைத் திருகிப் பிடித்திருக்கும்போது அளக்கவேண்டும். அப்போது பேட்டரி முனையிலேயே 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி குற்றவாளி. அங்கே நன்றாக இருந்து, வழியில் இரண்டு இடங்களுக்கு நடுவே அரை வோல்ட்டுக்கு மேல் தொலைந்தால் திருடன் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறான்.

மீட்டர் இல்லாதவர் ஹெட்லைட்டையே குறுக்கு விசாரணை செய்யலாம். விளக்கைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பவேண்டும். விளக்கு செத்துப்போனால் பேட்டரியிலோ அதன் வாசலிலோ கோளாறு. துளியும் மங்காமல் டக் மட்டும் கேட்டால் கரண்ட் மோட்டாருக்குப் போகவே இல்லை. மச்சானின் வண்டியில் விளக்கு மங்கவில்லை. அதை அன்று நாங்கள் ‘பேட்டரி நல்லா இருக்கு’ என்பதற்கும் சாட்சியாகக் கொண்டோம், ‘செல்ஃப் போச்சு’ என்பதற்கும் கொண்டோம். மூன்றாவது பொருள் ஒன்று உண்டு என்று யாருக்கும் தோன்றவில்லை.

பரிசோதனைகள்

பேட்டரிவாதி வென்றார். மச்சான் புது பேட்டரி வாங்கினார், 12.5 காட்டிய பழையதை மாற்றில் கொடுத்துவிட்டார். கடைக்காரப் பையன் பழைய வயர் முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, சேஸிஸில் இருந்த மைனஸ் போல்ட்டையும் ஒரு திருகு திருகி, புதியதைப் பூட்டினான். சாவியைத் திருப்பியதும் வண்டி எடுத்தது. டீக்கடையில் அன்று எங்களிடம் காசு வாங்கவில்லை, அவ்வளவு பூரிப்பு.

இங்கே ஆய்வுலகம் கவனிக்கவேண்டிய ஒரு முறையியல் ஓட்டை இருக்கிறது. டெர்மினலைக் கழற்றாமல், துடைக்காமல், இறுக்காமல் பேட்டரியை மாற்றவே முடியாது. மருந்தைக் கொடுக்கும்போதெல்லாம் பத்தியமும் சேர்ந்தே நடக்கிறது. குணமானது மருந்தாலா பத்தியத்தாலா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. தமிழ்நாட்டில் மாற்றிலே போன நல்ல பேட்டரிகள் எத்தனை என்று யாராவது கணக்கெடுத்தால் நான் முன்னுரை எழுதித் தருகிறேன்.

மூன்றாம் நாள், டக்.

இப்போது செல்ஃப்வாதிகளின் முறை. பட்டறை அண்ணன் வந்தார். வண்டிக்கு அடியில் படுத்து, வீல் ஸ்பேனரால் செல்ஃபின் வயிற்றில் நாலு தட்டு தட்டிவிட்டு, “இப்ப அடிங்க” என்றார். எடுத்தது. தட்டல் வைத்தியம் மூடநம்பிக்கை அல்ல. சிக்கிய கார்பன் பிரஷ் அசைந்து உட்காரும், கருகிய தட்டு வேறு பக்கம் தொடும். ஆனால் இதற்கும் அதே ஓட்டை உண்டு. தட்டும்போது செல்ஃப் மட்டுமா ஆடுகிறது? பக்கத்தில் இருக்கும் ஒவ்வொன்றும் ஆடுகிறது. செல்ஃபைக் கழற்றிப் பெஞ்சில் வைத்து ஓட்டிப் பார்த்தார், சுழன்றது. பெஞ்சில் பாரமும் இல்லை, வண்டியின் வழியும் இல்லை. தனியறையில் நன்றாகப் பாடுகிற பையன் கணக்குதான். இருந்தாலும் கழற்றியதற்கு மரியாதையாகக் கார்பன் மாற்றினோம்.

இடையில் ஒரு காலை, வேறொரு வண்டியிலிருந்து ஜம்பர் வயர் போட்டும் பார்த்தோம். பிளஸ்ஸோடு பிளஸ், கடைசி மைனஸ் நுனியைப் பேட்டரியில் வைக்காமல் தள்ளி இன்ஜின் இரும்பில் கவ்வவிடவேண்டும், பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் பொறி பட்டால் வெடிக்கும் என்று லைன்மேன் சித்தப்பா எச்சரித்தார். அப்படியே செய்தோம். சாவியைத் தொட்டதும் வண்டி உறுமியது. “பாத்தியா, புது பேட்டரியும் டுப்ளிகேட்” என்று ஒரு புதிய கிளைக்கொள்கை அங்கேயே பிறந்தது. தடயம் எங்கள் கையில்தான் இருந்தது, மைனஸ் கவ்வி இன்ஜின்மேல் இருந்தது. யாரும் பார்க்கவில்லை.

கருகின வாடை

அனுமானம் என்றால் புகையைக் கண்டு நெருப்பை அறிவது. இங்கே அதைச் செய்தவர் என் மாமியார்.

பத்தாம் நாள் விடியலில் அவர் பொறுமை இழந்தார். மண்சட்டித் தணலில் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். மச்சான் ஒருபக்கம் விடாமல் சாவியைத் திருகிக்கொண்டிருந்தார். கமறும் என்று நாங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டோம். கமறவில்லை.

“மிளகா நெடியே வரல, பாத்தீங்களா எம்புட்டு திஷ்டின்னு” என்றவர், அடுத்த கணம் முகத்தைச் சுளித்தார். “இது என்னது, ரப்பர் கருகுற வாடை?”

பானட்டைத் தூக்கினோம். ஆக்சிலேட்டர் கேபிளின் மேலுறை உருகிக் குழைந்திருந்தது. தொட்ட மச்சான் விரலை உதறினார். மின்சாரத்துக்கும் ஆக்சிலேட்டர் கேபிளுக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் கிடையாது. காலால் மிதிப்பதைப் பம்ப்புக்குச் சொல்லும் எஃகுக் கம்பி அது. அது சூடாகவேண்டுமென்றால் ஒரே காரணம்தான். பெரிய கரண்ட் ஒன்று தன் வழி அடைபட்டு, இந்தச் சந்தில் புகுந்து ஓடியிருக்கிறது. எங்கே போக?

திரும்பிப் போக. கரண்ட் பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து புறப்பட்டு செல்ஃபுக்கு வந்தால் பாதி வழிதான் முடிந்தது. செல்ஃபின் உடம்பு வழியாக இன்ஜினுக்கு, இன்ஜினிலிருந்து சேஸிஸுக்கு, சேஸிஸிலிருந்து பேட்டரி மைனஸுக்கு என்று அது வீடு திரும்பவேண்டும். இன்ஜினோ அதிராமல் இருப்பதற்காக ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பர் கரண்டைக் கடத்தாது. ஆகவே இன்ஜினையும் சேஸிஸையும் சேர்க்க, பின்னிய செம்புப் பட்டை ஒன்று கியர்பாக்ஸ் ஓரமாக வைத்திருப்பார்கள். எர்த் பட்டை என்பது அதன் பெயர். கீழே படுத்துப் பார்த்தோம். சேற்றுக்கும் ஆயிலுக்கும் அடியில் அது இருந்தது. இழைகளில் பெரும்பாலானவை அறுந்து, மிச்சம் பச்சை பூத்து, போல்ட்டில் துருவோடு துருவாக ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டினால் தொடும், குலுங்கினால் விடும். இதுதான் முதல் நாள் டக்குக்கும் டகடகவுக்கும் நடுவே தடுமாறியது.

லைன்மேன் சித்தப்பா ஏன் ஒன்றரை முழத்தில் நின்றார் என்பதற்கு இப்போது விடை சொல்லலாம். குற்றம் அவருடையது அல்ல, மொழியுடையது. தமிழில் கரண்ட் வரும், போகும். “கரண்டு வந்திருச்சு” என்றால் ஊரே சந்தோஷப்படும். “கரண்டு போயிருச்சு” என்றால் விசிறி தேடுவோம். வருவது நல்லது, போவது கெட்டது என்று நாக்கிலேயே எழுதிவைத்துவிட்டோம். அதனால் எந்தக் கோளாறிலும் நம் முதல் கேள்வி “கரண்டு வருதா?” என்பதுதான். ஒழுங்காகப் போகிறதா என்று கேட்க நமக்கு வாக்கியமே இல்லை. கேட்டால் மின்வெட்டைப் பற்றிப் பேசுகிறோம் என்று நினைப்பார்கள். முப்பது வருடம் கம்பத்தில் ஏறியவருக்கும் வண்டிக்கு அடியில் அந்தக் கேள்வி வாயில் வரவில்லை.

அவரே இப்போது ஜம்பர் வயரில் ஒன்றை எடுத்து, பேட்டரி மைனஸிலிருந்து நேரே இன்ஜின் இரும்புக்குப் போட்டார். மச்சான் சாவியைத் தொட்டார். சந்தேகத்துக்கு இடமில்லாமல் எடுத்தது. கழற்றினார், டக். போட்டார், எடுத்தது. பத்து நாள் பரிசோதனைகளில் மற்ற எதையும் மாற்றாமல் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தது இது ஒன்றுதான்.

புது எர்த் பட்டை, இரண்டு போல்ட், இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்த கூலி எல்லாம் சேர்த்து, பத்து நாளும் கூடியவர்களுக்கு டீயும் வடையும் வாங்கிய கணக்கைவிடக் குறைவு. பட்டறை அண்ணன் கேபிளையும் மாற்றச் சொன்னார், மாற்றினோம். புது பேட்டரி மீசை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கார்பன் புதுசு. வாங்கியவற்றில் எது தேவையில்லாதது என்று மச்சான் என்னிடம் கேட்கவில்லை, நானும் வரிசை சொல்லவில்லை.

மறுநாள் காலை பெஞ்சு நிறைய ஆள். மச்சான் ஏறி உட்கார்ந்தார், திருப்பினார், முதல் திருப்பிலேயே எடுத்தது. தள்ளுவதற்கென்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்த இருவர் முகத்தில் ஒரு வாட்டம்.

“நாந்தான் அன்னைக்கே சொன்னேனே, பேட்டரியை மாத்துங்கன்னு” என்றார் டீக்கடைக்காரர், பாலை ஆற்றியபடியே.

லைன்மேன் சித்தப்பா ஏதோ சொல்ல வாயெடுத்து, டம்ளரைப் பார்த்துவிட்டு, குடித்தார். வண்டி நகர்ந்தது. பின்சக்கரத்தடியில் மாமியார் யாருக்கும் தெரியாமல் வைத்திருந்த எலுமிச்சம்பழம் பச்சக் என்று நசுங்கியது.